12 சதவீதம் குரோமியம் இருந்தும் பாக்கெட் கத்தி துருப்பிடிப்பது ஏன்? 'டி2' ஸ்டீலில் நடப்பது என்ன?

ஆன்லைனில் மடக்கும் பாக்கெட் கத்தி ஒன்றைத் தேடிப் பாருங்கள். நீளம், எடை, விலைக்குப் பக்கத்திலேயே 'டி2 ஸ்டீல்' என்று ஒரு வரி இருக்கும். கொஞ்சம் விவரம் தேடுபவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போய், அதில் ஏறத்தாழ 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவ்ளோ குரோமியம் இருந்தால் அது எவர்சில்வர் மாதிரிதானே, துரு எப்படி வரும் என்று நம்பி ஆர்டர் போடுவார்கள்.

சில வாரம் கழித்து, வியர்வையில் ஊறிய பேன்ட் பாக்கெட்டில் இருந்து எடுத்துப் பார்த்தால் பிளேடு மீது மிளகாய்த்தூள் தூவியது போல சின்னச் சின்ன செம்புள்ளிகள். போலி ஸ்டீலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபம் வரும். ஆனால், யாரும் ஏமாற்றாமலேயே இது நடக்கலாம். ஸ்டீல் அசலாக இருக்கலாம். 12 சதவீதமும் உண்மையாக இருக்கலாம். துருவும் உண்மைதான். இது எப்படி ஒத்துப்போகும்?

அது என்ன டூல் ஸ்டீல்?

டூல் ஸ்டீல் என்றால் மற்ற உலோகங்களை வெட்டவும், அழுத்தவும், துளை போடவும் பயன்படும் கருவிகளைச் செய்வதற்கான ஸ்டீல். தமிழில் 'கருவி எஃகு' என்பார்கள். அமெரிக்க முறையில் இதற்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்துப் பெயர் வைக்கிறார்கள். தண்ணீரில் முக்கிக் கடினமாக்கும் வகைக்கு 'டபிள்யூ', எண்ணெயில் முக்குவதற்கு 'ஓ', காற்றிலேயே ஆறிக் கடினமாகும் வகைக்கு 'ஏ'. கார்பனும் குரோமியமும் அதிகம் உள்ள குடும்பத்துக்கு 'டி'.

அந்த டி குடும்பத்தில் ரொம்பப் பிரபலமானது டி2. இதில் ஏறத்தாழ 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம். அம்பத்தூர், கோவைப் பக்கம் டூல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. இந்திய டூல் ரூம்களில் இந்த வகை ஸ்டீலுக்கு 'எச்.சி.எச்.சி.ஆர்' என்று பெயர். 'ஹை கார்பன் ஹை குரோமியம்' என்பதன் சுருக்கம் அது. தகடு வெட்டும் பிரஸ்ஸில் உட்கார்ந்து, எண்ணெய்ப் பசையோடு, ஆயிரக்கணக்கான முறை இரும்பை அறுக்கும் 'டை'க்காகப் பிறந்த ஸ்டீல் இது. தேயக் கூடாது என்பதுதான் அதன் முதல் வேலை. பாக்கெட்டில் வியர்வையோடு சுற்ற வேண்டும் என்று நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை.

கத்திக்காரர்கள் ஏன் இதை எடுத்துக்கொண்டார்கள்? ஒருமுறை தீட்டினால் நீண்ட நாள் கூர்மை நிற்கும், விலையும் கட்டுப்படியாகும். அமெரிக்காவில் பாப் டோசியர் போன்ற கத்திக் கலைஞர்கள் டி2-வில் வேட்டைக் கத்திகள் செய்தே பெயர் வாங்கினார்கள். பிறகு சீனத் தயாரிப்புகள் வழியாக அது பட்ஜெட் பாக்கெட் கத்திகளுக்கும் வந்து சேர்ந்தது.

குரோமியம் என்ன செய்கிறது?

இரும்பு, ஆக்சிஜன், ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். தண்ணீர் பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 60 சதவீதம் என்பது பல நாள்களில் காலை ஆறு மணிக்கே தாண்டிவிடும் கணக்கு.

இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக இருக்கும். ஈரத்தையும் காற்றையும் உள்ளே விடும். அதனால் மேலே துரு வந்த பிறகும் அடியில் இரும்பு அரித்துக்கொண்டே போகும். குரோமியம் அப்படி இல்லை. அதுவும் ஆக்சிஜனோடு சேரும். ஆனால் அதில் உருவாகும் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். கண்ணுக்கே தெரியாது, இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், எதையும் உள்ளே விடாது. கீறல் விழுந்தாலும் காற்றில் ஆக்சிஜன் இருந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். 'துருப்பிடிக்காத எஃகு' என்கிறோமே, அதன் ரகசியம் மொத்தமும் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது.

இந்தப் படலம் ஒழுங்காகப் பரவ வேண்டுமென்றால் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும் என்பது பொதுவான வரையறை. டி2-வில் 12 இருக்கிறது. கணக்குப்படி பாஸ். ஆனால் உண்மையில் ஃபெயில்.

காவலுக்கு வராத குரோமியம்

ஒரு வாட்ச்மேன் ஏஜென்சியை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டியலில் 12 பேர். ஆனால் அதில் பாதிப் பேரை வேறு ஒருவர் வேறு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பட்டியலைப் பார்த்தால் 12 பேர்தான். வாசலில் நிற்பது ஆறே பேர்.

ஸ்டீலில் அப்படி ஆள் பிடித்துக்கொண்டு போவது கார்பன். கார்பனுக்கு குரோமியம் மேல் ரொம்ப ஈர்ப்பு. இரண்டும் சேர்ந்தால் குரோமியம் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள் உருவாகும். டி2 தேயாமல் நிற்பதற்கே இந்தத் துகள்கள்தான் காரணம். அதாவது கத்திக்குப் பலம் கொடுப்பதும் இதுதான், துருவுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் இதுதான். கார்பைடுக்குள் பூட்டப்பட்ட குரோமியம் பாதுகாப்புப் படலம் போடுவதற்கு வெளியே வராது. டி2-வில் 1.5 சதவீதம் கார்பன் இருப்பதால், 12 சதவீத குரோமியத்தில் ஏறத்தாழ பாதி இப்படிச் சிக்கிக்கொள்கிறது. மிச்சம் சுதந்திரமாக இருப்பது 10.5 என்ற எல்லைக்கு ரொம்பக் கீழே.

முற்றிலும் வீண் என்று சொல்ல முடியாது. அந்தப் பாதி குரோமியமும் ஓரளவு வேலை செய்யும். அதனால் சாதாரண கார்பன் ஸ்டீலைவிட டி2 மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். கத்தி உலகில் இதை 'செமி ஸ்டெயின்லெஸ்', அதாவது பாதி ஸ்டெயின்லெஸ் என்று அழைக்கிறார்கள். நாசூக்கான பெயர். விற்பனைப் பக்கத்தில் அந்த 'செமி' எத்தனை முறை காணாமல் போகிறது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, துரு வரும் விதம். கார்பன் ஸ்டீலில் துரு பரவலாக, ஒரு படலம் மாதிரி வரும். டி2-வில் அங்கங்கே புள்ளியாக இறங்கும். பெரிய கார்பைடு துகள்களை ஒட்டிய இடங்களில் காவல் பலவீனமாக இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் படலத்தை உடைக்கும். மேலே புள்ளி சின்னதாகத் தெரியும், துடைத்துப் பார்த்தால் அடியில் ஊசி குத்தியது போல் குழி இருக்கும். துருவை எடுத்துவிடலாம், குழியை எடுக்க முடியாது. கடல் தண்ணீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். வியர்வையில் அதைவிடக் குறைவுதான். ஆனால் பாக்கெட்டில் வியர்வை காயக் காய உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

20 சதவீதம் தடுமாறுகிறது, 10.7 சதவீதம் தாங்குகிறது

லேபிளில் உள்ள எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

ஜப்பானின் ஹிட்டாச்சி தயாரித்த 'இசட்டிபி-189' என்ற ஸ்டீலில் குரோமியம் ஏறத்தாழ 20 சதவீதம். டி2-வைவிட மிக அதிகம். பார்த்தால் அசைக்கவே முடியாது போலத் தோன்றும். ஆனால் கார்பனும் ஏறத்தாழ 3 சதவீதம். அந்தக் கார்பன் பெரும்பகுதி குரோமியத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் 20 சதவீதம் இருந்தும் அந்தக் கத்தியை ஈரத்தோடு விட்டால் புள்ளி விழுவதாகப் பெயர்.

மறுபக்கம் 'மேக்னாகட்'. அமெரிக்காவைச் சேர்ந்த உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் வெளிவந்த ஸ்டீல் இது. கத்திக்காகவே எழுதப்பட்ட கலவை. இதில் குரோமியம் வெறும் 10.7 சதவீதம். டி2-வைவிடக் குறைவு. ஆனால் துருவைத் தாங்குவதில் டி2 அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

சூட்சுமம் இதுதான். மேக்னாகட்டில் 4 சதவீதம் வனேடியமும் 2 சதவீதம் நியோபியமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்த இரண்டுக்கும் கார்பன் மேல் குரோமியத்தைவிட அதிக ஈர்ப்பு. ஆகவே கார்பன் முதலில் இவற்றோடு சேர்ந்துவிடும். கடினமான துகளும் கிடைத்துவிடும், குரோமியமும் தப்பித்துவிடும். 10.7-ல் ஏறத்தாழ முழுவதும் காவலுக்கு வாசலில் நிற்கும். அதோடு கார்பனையும் 1.15 சதவீதத்தோடு நிறுத்தி, கொஞ்சம் நைட்ரஜனும் சேர்த்திருக்கிறார். நைட்ரஜன் ஸ்டீலைக் கடினமாக்கவும் உதவும், புள்ளித் துருவைத் தடுக்கவும் உதவும்.

இந்தப் புள்ளித் துருவை எதிர்க்கும் திறனைக் கணக்கிட உலோகவியலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. குரோமியத்தின் அளவோடு, மாலிப்டினத்தை 3.3-ஆலும் நைட்ரஜனை 16-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரு துளி நைட்ரஜனுக்கு எவ்ளோ மதிப்பு என்று இதிலேயே தெரியும். ஆனால் இங்கேயும் கூட்ட வேண்டியது கரைந்து சுதந்திரமாக இருக்கும் அளவைத்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் மொத்த அளவைப் போட்டுக் கணக்குப் பண்ணினால் டி2 மறுபடியும் பாஸ் ஆகிவிடும்!

விலை குறைந்த சீன ஸ்டீல்களில் இன்னொரு வேடிக்கை. அவற்றின் பெயரிலேயே கலவை இருக்கும். '8சிஆர்13' என்றால் ஏறத்தாழ 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். '3சிஆர்13' என்றால் கார்பன் 0.3 சதவீதம்தான். கார்பன் குறைவு என்பதால் குரோமியத்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அதனால் சல்லிசான 3சிஆர்13 கத்தி, பல மடங்கு விலையுள்ள டி2 கத்தியைவிடத் துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் சீக்கிரம் மழுங்கிவிடும். துரு எதிர்ப்பு என்பது விலையோடு சேர்ந்து ஏறும் சமாச்சாரம் இல்லை.

ஒரே ஸ்டீல், வேறு வேறு அடுப்பு

இரண்டு நிறுவனங்களின் டி2 கத்திகள். ஒன்று சீக்கிரம் துருப்பிடிக்கிறது, இன்னொன்று தாக்குப்பிடிக்கிறது. ஸ்டீல் ஒன்றுதானே, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஹீட் ட்ரீட்மென்டில் இருந்து.

பிளேடை முதலில் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் கார்பைடுகளில் ஒரு பகுதி கரைந்து, பூட்டியிருந்த குரோமியத்தைக் கொஞ்சம் விடுவிக்கும். உடனே வேகமாகக் குளிர்விக்க வேண்டும். மெதுவாக ஆறவிட்டால் விடுதலையான குரோமியம் மறுபடி கார்பனிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு 'டெம்பரிங்'. கண்ணாடி போல் உடையும் தன்மையைக் குறைக்க மிதமாகச் சூடாக்குவது.

முக்கியமான முடிவு இங்கேதான். டெம்பரிங்கை ஏறத்தாழ 200 டிகிரியில் செய்யலாம், 500 டிகிரியிலும் செய்யலாம். டி2 இரண்டிலும் நல்ல கடினத்தோடு வரும். ஆனால் 500 டிகிரியில் செய்தால், குரோமியம் நிறைந்த மிகச் சிறிய கார்பைடுகள் புதிதாக உருவாகும். வாசலில் நின்ற ஆறு பேரிலும் சிலரை உள்ளே இழுத்துக்கொள்வது போல. துரு எதிர்ப்பு இன்னும் இறங்கும். டைக்கு அது பிரச்சினையே இல்லை. சில வகைக் கோட்டிங்குகளை அதிக வெப்பத்தில்தான் போட முடியும் என்பதால் அந்த முறை வசதியும்கூட. ஆனால் பாக்கெட் கத்திக்கு அது நல்லதல்ல. எந்த முறையில் செய்தார்கள் என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் பெட்டியில் எழுதுவதில்லை. வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய ஒரு தகவலை இப்படி விட்டுவிடுவது சரியல்ல. 12 சதவீதம் என்று பெருமையாக எழுதும் இடத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

மேற்பரப்பும் முக்கியம். மணல் தெளித்தது போல் சொரசொரப்பான மேட் ஃபினிஷ் பார்க்க அழகாக இருக்கும், கைரேகை தெரியாது. ஆனால் அந்தச் சின்னச் சின்னப் பள்ளங்களில் ஈரமும் உப்பும் தங்கும். வழவழப்பாகப் பாலிஷ் செய்த பிளேடு அதே ஸ்டீலிலேயே துருவை நன்றாகத் தாங்கும். கறுப்பு கோட்டிங் போட்ட பிளேடுகள் பக்கவாட்டில் தப்பிக்கும். ஆனால் தீட்டிய விளிம்பில் கோட்டிங் இருக்காது. துரு முதலில் கை வைப்பதும் அங்கேதான். கண்ணுக்குத் துரு தெரிவதற்கு முன்பே, அந்த மெல்லிய விளிம்பு அரித்துக் கூர்மை போயிருக்கும். எதையுமே வெட்டாமல் வைத்திருந்த கத்தி எப்படி மழுங்கியது என்ற சந்தேகத்துக்குப் பல நேரம் பதில் இதுதான்.

எவர்சில்வரிலேயே கத்தி செய்தால் என்ன?

நியாயமான கேள்வி. எவர்சில்வர் டம்ளரைப் பல வருடம் தண்ணீரில் போட்டு எடுத்தாலும் ஒன்றும் ஆவதில்லையே!

எவர்சில்வர் பாத்திரத்தில் கார்பன் மிகக் குறைவு. குரோமியத்தோடு நிக்கல் அல்லது மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். குரோமியம் மொத்தமும் சுதந்திரமாக இருக்கும். ஆனால் அந்த ஸ்டீலைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. அதில் கத்தி செய்து தீட்டினால் இரண்டு தக்காளிக்கு மேல் தாங்காது. கடினமாக வேண்டுமென்றால் கார்பன் வேண்டும். கார்பன் வந்தால் குரோமியத்தைப் பிடிக்கும். கத்தி ஸ்டீலின் நூறு வருட வரலாறே இந்த இழுபறிதான்.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க ஒரு ஸ்டீல் தேடிக்கொண்டிருந்தார். 12.8 சதவீதம் குரோமியம், 0.24 சதவீதம் கார்பன் கொண்ட ஒரு கலவையை அமிலம் அரிக்கத் தயங்கியதைக் கவனித்தார். ஷெஃபீல்ட் கத்திக்குப் பேர் போன ஊர். உடனே அவருக்குக் கத்தி நினைவுக்கு வந்தது. ஆனால் உள்ளூர் கத்திக்காரர்களுக்கு அதை எவ்வளவு சூட்டில் பதப்படுத்த வேண்டும் என்று பழக்கமில்லை. முதல் கத்திகள் சரியாக வெட்டவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில்காரர்தான் சரியான பக்குவத்தைப் பிடித்தார். 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரும் அவரால் வந்தது என்றே சொல்லப்படுகிறது.

சுவிட்சர்லாந்தில் 1884-ல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், தன் தாய் விக்டோரியா இறந்த பிறகு 1909-ல் அவர் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1921-ல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்ததும், அதன் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கமான 'இனாக்ஸ்' என்பதைக் கூடச் சேர்த்தார்கள். அதுதான் 'விக்டோரினாக்ஸ்'. துருப்பிடிக்காது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் சிவப்புக் கத்தி! அதன் பிளேடு டி2 அளவுக்குக் கூர்மை தாங்காது. ஆனால் ஆரஞ்சு நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது.

துருவே கூடாது என்றால்?

மீன்பிடிப் படகில் வேலை, கடலில் டைவிங், நாள் முழுக்க வியர்வை என்றால் டி2-வை மறந்துவிடலாம். ஜப்பானின் 'எச்1' ஸ்டீலில் கார்பன் 0.15 சதவீதம்தான். கார்பனுக்குப் பதில் நைட்ரஜன். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 'சால்ட்' என்ற வரிசையில் இதைக் கொண்டுவந்தது. 'எல்சி200என்' என்ற ஸ்டீல் விமானத் துறை பேரிங்குகளுக்காக உருவான நைட்ரஜன் ஸ்டீல் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுமே உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் அசராதவை.

தினசரி உபயோகத்துக்கு '14சி28என்' நல்ல நடுவழி. 14 சதவீதம் குரோமியம், 0.62 சதவீதம் கார்பன், கொஞ்சம் நைட்ரஜன். கூர்மை டி2 அளவுக்கு நீடிக்காது, ஆனால் சீக்கிரம் தீட்டிக்கொள்ளலாம். சென்னை வெயிலில் பாக்கெட்டில் வைத்துச் சுற்றுகிறவருக்கு, அதே விலையில் டி2-வைவிட இதுதான் பொருத்தம். அட்டைப்பெட்டி வெட்டுவது, கயிறு அறுப்பது என்று உள்ளறையில் உலர்ந்த வேலையே அதிகம் என்றால் டி2 இன்றும் நல்ல தேர்வுதான்.

கறுப்பு வேறு, சிவப்பு வேறு

துருப்பிடிக்கும் என்று தெரிந்தே கார்பன் ஸ்டீல் கத்தியை விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிரான்சில் 1890-ல் தொடங்கிய 'ஒபினெல்' மரப்பிடிக் கத்தி இன்றும் கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் என இரண்டு வகையிலும் வருகிறது. கார்பன் வகை தீட்ட சுலபம், கூர்மையும் அருமை. ஆனால் ஒரு எலுமிச்சை நறுக்கினால் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறிவிடும்.

இதைத் துரு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பழைய இரும்பு அரிவாள்மனை இருந்த வீடுகளில் இது தெரிந்த விஷயம். வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கினால் அலகு கறுத்துவிடும். அவற்றில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. கத்திக்காரர்கள் 'பட்டினா' என்று அழைக்கும் கறுப்பு, சாம்பல் படலங்களும் இதே மாதிரிதான். அவை ஓரளவு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, சிவப்புத் துரு வருவதைத் தாமதப்படுத்தும். தடவினால் கையில் ஒட்டாமல் வழவழப்பாக இருந்தால் பட்டினா. செம்மண் மாதிரி விரலில் ஒட்டினால் துரு, உடனே துடைக்க வேண்டும்.

மடக்குக் கத்தியில் கவனிக்க வேண்டிய இடம்

பிளேடில் வரும் துரு கண்ணில் படும். மடங்கும் இடத்தில் வரும் துரு படாது. பழச்சாறும் வியர்வையும் பிளேடின் அடிப்பகுதி வழியாகக் கைப்பிடிக்குள் இறங்கும். அங்கே காற்றோட்டம் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடுக்கில் குரோமியம் படலத்தால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது என்பதால், நல்ல ஸ்டெயின்லெஸ்கூட இடுக்கில் துருப்பிடிக்கும். உள்ளே இருக்கும் பால் பேரிங், திருகாணி, லைனர் தகடு எல்லாம் பிளேடு அளவுக்குத் தரமான ஸ்டீலாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

இது அழகு சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் இல்லை. திறந்த பிளேடைத் தாங்கிப் பிடிப்பது ஒரு சின்ன லாக். அங்கே துருவும் தூசியும் சேர்ந்தால் லாக் முழுதாக உட்காராமல் போகலாம். அழுத்தி வெட்டும்போது நழுவினால் பிளேடு மடங்கி விரல்மேல்தான் விழும். திறக்கும்போது 'கரகர' என்று இருந்தாலோ, லாக் விழும் சத்தம் மாறியிருந்தாலோ, அந்தக் கத்தியைச் சுத்தம் செய்யும் வரை பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, மடங்கும் இடத்தையும் அலசி, துணியால் துடைத்து, திறந்தபடியே ஃபேன் காற்றில் காயவிட வேண்டும். ஈரத்தோடு மடக்கி வைப்பதுதான் பெரிய தப்பு. காய்ந்த பிறகு ஒரு சொட்டு மினரல் ஆயில் மடங்கும் இடத்தில், மெல்லிய பூச்சு பிளேடில். உணவு வெட்டும் கத்தி என்றால் உணவுத் தர மினரல் ஆயில். சமையல் எண்ணெய்களில் பல நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் அப்படி ஆகாது. அரிவாள்மனைக்குத் தடவியவர்கள் தெரியாமல் தடவவில்லை. ஆனால் மடக்குக் கத்தியின் உள்பகுதிக்கு மினரல் ஆயில்தான் நல்லது.

தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். ப்ளீச்சிங் திரவம் போட்டு 'பளிச்' ஆக்குகிறேன் என்று இறங்கவும் கூடாது. அதில் உள்ள குளோரின் சேர்மம் ஸ்டெயின்லெஸ் படலத்தையே குத்திக் குழியாக்கும். புள்ளி விழுந்துவிட்டால் சமையல் சோடாவைக் குழைத்து, துணியிலோ பாட்டில் கார்க்கிலோ தொட்டுத் தேய்த்தால் மேல் துரு போய்விடும். முரட்டு இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் பிளேடில் ஒட்டி, அதுவே புதுத் துருவுக்கு விதை ஆகும்.

துருப்பிடித்த கத்தி கிழித்தால் டெட்டனஸ் வருமா?

துருவால் டெட்டனஸ் வருவதில்லை. 'கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி' என்ற பாக்டீரியாதான் காரணம். மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் அது இருக்கும். மண்ணில் கிடந்து துருப்பிடித்த ஆணி குத்தியதால் வந்த நோய், துருவின் தலையில் விழுந்துவிட்டது. புத்தம் புதிதாகப் பளபளக்கும் கத்தியானாலும் அழுக்கு மண் பட்டிருந்தால் அதே ஆபத்து உண்டு. எந்தக் கத்தி கிழித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவ வேண்டும். காயம் ஆழமாகவோ அழுக்காகவோ இருந்தால், கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டது என்ற விவரத்தோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.